பருப்பு வேகாத தண்ணீர்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ நான் பேசப் போறதில்லை. தண்ணியைப் பற்றிப் பேசப் போறேன். தண்ணி இல்லாத கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருக்கிற தண்ணி எப்படிப்பட்ட தண்ணி என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போறோம்.

முதலில் என் வீட்டுக் கதையையே சொல்லிடறேன். திண்டுக்கல்லுக்கு மாற்றலாகி வந்த புதுசு. என் மனைவிக்குச் சோழவந்தான் பக்கம். வைகைக் கால்வாய்த் தண்ணியிலே குளிச்சு, அந்தத் தண்ணியிலே சமைச்சு வளர்ந்தவங்க. இங்கே குடி வந்த வாரத்தில் ஊரிலிருந்து என் தாயார் வந்திருந்தாங்க. சாம்பாருக்குத் துவரம்பருப்பைப் போட்டு அடுப்பில் ஏத்தினா, ஒரு மணி ஆச்சு, ரெண்டு மணி ஆச்சு, பருப்பு கல்லு மாதிரி அப்படியே கிடக்குது. "பருப்புகூட வேகவைக்கத் தெரியலையே" என்று என் தாயார் ஒரு வார்த்தை விட்டுட்டாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது.

கல்லூரியில் வேதியியல் படிச்ச எனக்கு மூணாவது நாள்தான் உறைச்சது. சமையலுக்குப் பிடித்த தண்ணி வீட்டுக்காரருடைய ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணி. நகராட்சிக் குழாயில் வந்த நல்ல தண்ணி ஒரு குடம் தனியே இருந்தது. அதே பருப்பை அந்தத் தண்ணியில் போட்டோம். அதே அடுப்புதான், அதே பாத்திரம்தான். முக்கால் மணியில் மசிஞ்சு போச்சு. குற்றம் கையில் இல்லை, தண்ணியில்.

திண்டுக்கல்லிலும் சுத்துப்பட்ட கிராமங்களிலும் எத்தனை வீட்டில் இந்தப் பழி எத்தனை பெண்கள் மேலே விழுந்திருக்கும்! அதனால்தான் இந்தப் பேச்சு.

கடின நீர் என்பது என்ன?

நாம் 'சப்பைத் தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று சொல்கிறோம். புத்தகத்தில் இதற்குக் 'கடின நீர்' என்று பெயர். கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டு தாது உப்புகள் தண்ணியில் அதிகமாகக் கரைஞ்சிருந்தால் அது கடின நீர். ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கடின நீர் வேறு, உவர் நீர் வேறு. உவர் நீரில் நாம் சாப்பிடுகிற சோற்றுப்பு, அதாவது சோடியம் உப்பு, கூடுதலாக இருக்கும். சில கிணறுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். இந்த வேறுபாட்டை மனசில் வெச்சுக்கிடுங்க. வயலுக்கு வரும்போது இதுதான் முக்கியம்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? மழைத்தண்ணி வானத்திலிருந்து வரும்போது மென்மையான தண்ணிதான். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு அதில் கரைந்து லேசான அமிலமாகிறது. அந்த அமிலத்தண்ணி பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. நம்ம திண்டுக்கல் பூமி முழுக்கக் கடினப் பாறை. சார்னோக்கைட், நைஸ் என்று சொல்லப்படும் பழங்காலப் பாறைகள். மலைக்கோட்டை நிற்கிற பாறையைப் பார்த்தாலே தெரியும். இந்தப் பாறைகளில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. போதாததற்கு, பல இடத்தில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல்லும் சுக்கான் பாறையும் கிடக்கிறது. பாறை வெடிப்புக்குள் தண்ணி நாள்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில் தங்குகிறது. எவ்வளவு நேரம் ஊறுதோ அவ்வளவு சாரம் இறங்கும். கஷாயம் வைக்கிற மாதிரிதான். ஆழம் போகப் போகப் பல கிணறுகளில் தண்ணி கனத்துப் போவதற்கு இதுதான் காரணம்.

ஆத்தூர் காமராசர் சாகர் தண்ணி அப்படி இல்லை. பழனி மலைச் சரிவில் பெய்த மழை நேரே ஓடி வந்து தேங்குகிறது. பாறைக்குள் ஊறுவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. வைகைப் பேரணையிலிருந்து வருவதும், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருவதும் ஆற்றுத் தண்ணிதான். அதனாலேதான் டவுனில் ஒரே வீட்டில் ரெண்டு குழாய், ரெண்டு ருசி.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

ஒரு லிட்டர் தண்ணியில் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் கணக்கு. 75க்குக் கீழே இருந்தால் மென்னீர். 150க்கு மேலே போனால் கடினம். 300ஐத் தாண்டினால் மிகக் கடினம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்திருக்கிற வரம்பு 200. வேறு தண்ணிக்கு வழியில்லாத இடத்தில் 600 வரைக்கும் அனுமதி உண்டு.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவான ரெண்டு பாட்டில் எடுத்துக்கிடுங்க. ஒன்றில் பாதி அளவு மழைத்தண்ணி, இன்னொன்றில் பாதி அளவு உங்க கிணற்றுத் தண்ணி. துணி சோப்பைச் சீவி, கொஞ்சம் மழைத்தண்ணியில் கரைத்து, ரெண்டிலும் சமமாகப் பத்துச் சொட்டு விட்டு நன்றாகக் குலுக்குங்க. ஒன்றில் நுரை பொங்கி நிற்கும். இன்னொன்றில் நுரைக்குப் பதில் தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையாக மிதந்தால் அது கடின நீர்.

அதே கிணற்றுத் தண்ணியைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துத் தெளித்து, மறுபடியும் சோதித்துப் பாருங்க. இப்போது நுரைத்தால் அது தற்காலிகக் கடினம். கொதிக்கும்போதே சுண்ணாம்பு பிரிந்து பாத்திரத்தின் அடியில் படிந்துவிட்டது என்று அர்த்தம். கொதித்த பிறகும் நுரைக்கவில்லை என்றால் அது நிரந்தரக் கடினம். அது கொதிக்க வைத்தால் போகாது.

சோப்பு எங்கே போகிறது?

"என்னங்க, மாசம் பிறந்து பத்து நாள்கூட ஆகலை, சோப்புக் கட்டி தீர்ந்து போச்சு" என்று வீட்டில் சண்டை வருகிறதா? கணக்குப் பார்ப்போம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினம் உள்ள தண்ணி பத்து லிட்டர், அதாவது ஒரு வாளி. அதில் 5 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அந்த 5 கிராம், முதல் நுரை வருவதற்கு முன்னாலேயே சுமார் 30 கிராம் சோப்பைத் தின்றுவிடும். 150 கிராம் கட்டி ஒன்று அஞ்சு வாளித் தண்ணிக்கே காணிக்கை! அழுக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. தின்ற சோப்பு சும்மாவும் போகாது. பிசுக்காகத் துணியில் ஒட்டி வெள்ளை வேட்டியைப் பழுப்பாக்கும். தலையில் ஒட்டி முடியைச் சிக்காக்கும்.

இதற்கு மாற்று இருக்கிறது. சலவைத்தூள் இந்தத் தண்ணியிலும் நுரைக்கும், ஏனென்றால் அது சோப்பு வகை அல்ல. சோப்புதான் வேணும் என்றால், ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைப் போட்டுக் கலக்கி, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணியில் துவைக்கலாம். இது துவைக்க மட்டும்தான். குடிக்க, சமைக்க, குளிக்க ஆகாது. பட்டுத் துணிக்கும் ஆகாது. தலைக்கு நம்ம பாட்டிமார் வைத்த சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இருக்கவே இருக்கு. சுண்ணாம்புத் தண்ணி சோப்பைத் திரிக்கிற மாதிரி அவற்றைத் திரிக்காது. இந்த ஊர்த் தண்ணிக்கு ஏற்ற பண்டம் அது.

பருப்பும் பாத்திரமும்

பருப்பு ஏன் வேகவில்லை? பருப்பின் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெக்டின் என்கிற ஒரு பசை. நல்ல தண்ணியில் கொதித்தால் அந்தப் பசை இளகும், பருப்பு மசியும். கடின நீரில் உள்ள கால்சியம் அந்தப் பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. செங்கல்லுக்கு நடுவே களிமண் வைப்பதற்கும் சிமெண்ட் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். விறகோ கேஸோ, செலவு உங்களுடையது.

செய்ய வேண்டியது சுலபம். பருப்பு ஊறப்போடுகிற தண்ணியும் வேகவைக்கிற தண்ணியும் நல்ல தண்ணியாக இருக்கணும். அது இல்லையா? கிணற்றுத் தண்ணியை முன்னாலேயே கொதிக்கவைத்துத் தெளித்து எடுத்துக்கிடுங்க. தற்காலிகக் கடினம் அதிலேயே குறையும். புளியைப் பருப்பு வெந்த பிறகுதான் ஊற்றணும்; புளிப்பும் பருப்பை வேகவிடாது. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மை. ஆனால் பருப்பில் இருக்கிற பி வைட்டமின் சத்து கெடும். அதைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம்.

வெந்நீர்த் தவலையிலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இதே சுண்ணாம்புதான். அந்தப் படிவு போர்வை மாதிரி நின்று சூட்டைத் தண்ணிக்குப் போகவிடாது. கரண்ட் வீணாகும், கம்பி சீக்கிரம் கருகிப் போகும். மாசம் ஒரு தரம் புளிக்கரைசல் அல்லது எலுமிச்சைச் சாற்றை ஊற்றி ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினால் கரைந்து போகும். ஹீட்டரைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடணும். இதை மறந்தால் சுண்ணாம்பைவிடப் பெரிய ஆபத்து.

உடம்புக்குக் கெடுதலா?

ஒவ்வொரு கிராமத்திலும் கேட்கிற கேள்வி: "சார், இந்தத் தண்ணி குடிச்சா சிறுநீரகத்திலே கல்லு வருமா?" தண்ணியில் உள்ள சுண்ணாம்பே நேரே போய்க் கல்லாக உட்காருகிறது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல. கடினத்தன்மை ஒன்றை மட்டும் வைத்து உலக சுகாதார நிறுவனமும் உடல்நல வரம்பு எதுவும் விதிக்கவில்லை. ஆனால் வேறொரு வழியில் ஆபத்து உண்டு. தண்ணி சப்பென்று இருக்கிறது என்று பலர் குறைச்சுக் குடிக்கிறாங்க. காலையிலிருந்து வெயிலில் வேலை, வேர்த்துக் கொட்டுது, குடிச்சது ரெண்டு சொம்பு. சிறுநீர் மஞ்சளாகக் கெட்டிப்படும். கல் உண்டாவதற்கு அதுதான் வழி. ருசி பிடிக்காவிட்டால் கொதிக்கவைத்துத் தெளித்து, ஆறவைத்துக் குடிங்க, சீரகம் போட்டுக் குடிங்க, மோராகக் கலந்து குடிங்க. ஆனால் குறைக்காதீங்க. விலாவில் வலி வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்க.

ஒரு எச்சரிக்கை. நம்ம மாவட்டத்தில் நிலக்கோட்டை வட்டாரம் போன்ற சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிறது. அது வேறு விஷயம். அளவு மீறினால் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை விழும். நெடுநாள் குடித்தால் எலும்பும் பாதிக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. நாக்கால் கண்டுபிடிக்கவும் முடியாது. பரிசோதனை ஒன்றுதான் வழி. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. ஒன்றரைக்கு மேல் போகவே கூடாது.

மனிதன் சேர்த்த உப்பு

எல்லாப் பழியையும் பாறை மேலே போட்டுவிட முடியாது. திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழில் வெகுகாலமாக நடக்கிறது. உப்புப் போட்டுப் பாதுகாத்த தோலை ஊறவைத்துக் கழுவுகிற தண்ணியில் சோடியம் உப்பு ஏராளம். அது நிலத்தில் இறங்கினால் கிணறு என்ன ஆகும்? தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே நம்ம ஊர்க் கணக்கு ஒன்று பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில், குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. நாலில் மூணு கிணறு! மாசுபடுத்துகிறவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் கெட்ட கிணறு தீர்ப்பு வந்த மறுநாளே தெளிந்துவிடாது. தொழிற்சாலைப் பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் பரிசோதனை இல்லாமல் அந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது.

வயலில் என்ன செய்யும்?

இப்போது வயலுக்கு வருவோம். போன வருஷம் கத்தரி போட்ட ஒரு விவசாயி என்னிடம் வந்தார். "சார், வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன். பூச்சி சாகலை, என் இலைதான் கருகிப் போச்சு" என்றார். "அண்ணே, எப்படிக் கலந்தீங்க?" என்று கேட்டேன். பத்து லிட்டர் டேங்கிற்கு 300 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு. அளவு சரிதான். தண்ணி? போர் தண்ணி. இப்போது அந்த வாளிக் கணக்கை நினைச்சுப் பாருங்க. எண்ணெயைத் தண்ணியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய சோப்பை எல்லாம் சுண்ணாம்பு தின்றுவிட்டது. எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. முதல் ஏழு டேங்கில் செடி வெறும் தண்ணி குடித்தது. அடியில் தங்கின எண்ணெய் கடைசியில் மொத்தமாக இலையில் விழுந்து வெயிலில் கருக்கியது. மருந்தும் போச்சு, கூலியும் போச்சு, ஒரு பறிப்புக் காயும் போச்சு. சொன்ன என் மேலும் தப்பு இருக்கிறது. எந்தத் தண்ணியில் கலக்கணும் என்று நான் சொல்லவில்லை.

அதனால் இப்போது சொல்றேன். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு மழைத்தண்ணியோ ஆற்றுத் தண்ணியோ எடுங்க. கிடைக்காவிட்டால் சோப்புக்குப் பதில் டீபால் போன்ற ஒட்டும் திரவத்தைச் சேருங்க. எந்த மருந்தானாலும் முதலில் ஒரு பாட்டிலில் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்க. திரிந்தாலோ எண்ணெய் பிரிந்தாலோ வயலுக்குக் கொண்டுபோகாதீங்க.

சொட்டுநீர்ப் பாசனக்காரர்கள் கவனிக்கணும். சொட்டுவானின் வாயில் வெள்ளையாகக் கட்டிக்கொள்வதும் சுண்ணாம்புதான். கடின நீரில் டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரத்தைக் கரைத்து விட்டால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். அமிலம் செலுத்திச் சுத்தம் செய்யலாம். அளவைப் பொறியியல் துறை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்க. அமிலத்தைத்தான் தண்ணியில் ஊற்றணும். தண்ணியை அமிலத்தில் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

நிலக்கடலையில் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா? சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் தண்ணியிலும் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து மாலை நேரத்தில் இலைமேல் தெளிக்கலாம்.

இப்போது நல்ல செய்தி. வீட்டில் நம்மைப் படுத்துகிற இதே கால்சியம் நிலத்துக்கு நண்பன். மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பது அதுதான். நிலத்துக்கு எதிரி சோடியம். சோடியம் ஏறினால் மண் குழைந்த சோறு மாதிரியாகி, காய்ந்தால் ஓடு கட்டும். டவுனில் சிலர் தண்ணியை மென்மையாக்கும் கருவி வாங்கி வைக்கிறாங்க. அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறது. அதை உப்புக்கரைசல் விட்டுத்தான் கழுவணும். அந்தக் கழிவைக் கறிவேப்பிலைக்கும் தென்னைக்கும் விட்டு மரத்தைக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். துவைக்கவும் குளிக்கவும் அந்தத் தண்ணி சரி. மரத்துக்கு நேர்க் கிணற்றுத் தண்ணியே மேல்.

பைகார்பனேட் மிகுந்த தண்ணியில் ஒரு சிக்கல் உண்டு. அது மண்ணில் உள்ள கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் பிரித்துவிட்டுச் சோடியத்துக்கு இடம் கொடுக்கும். பரிசோதனைச் சீட்டில் 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' என்று ஒரு எண் இருக்கும். அது லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலண்டுக்குள் இருந்தால் பயமில்லை. 2.5ஐத் தாண்டினால் ஜிப்சம் இடாமல் அந்தத் தண்ணியைப் பாய்ச்சக் கூடாது. எவ்வளவு ஜிப்சம் என்பதை அந்தச் சீட்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கூரையில் விழும் நல்ல தண்ணி

கடைசியாக மழைத்தண்ணி. தமிழ்நாட்டில் 2003இலேயே மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கினாங்க. பல வீட்டில் குழாய் இருக்கிறது, தண்ணி போவது சாக்கடைக்கு! 500 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர். சிந்தினது, ஊறினது போக 370 லிட்டர் தேறும். பருப்புக்கும் தேயிலைக்கும் நாளைக்கு மூணு லிட்டர் என்றால், ஒரே ஒரு நல்ல மழை நாலு மாசத்துக்குக் காணும். மருந்தடிக்கவும் அதே தண்ணிதான். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுங்க. பிறகு துணியில் வடிகட்டிப் பிடித்து, கொசு புகாத மாதிரி மூடி வையுங்க. குடிப்பதானால் கொதிக்கவைத்துக் குடிங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நமக்கு இதற்காகவே வருகிறது.

தண்ணி மாதிரி எடுக்கும் முறையையும் சொல்லிடறேன். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணியில் மூணு தரம் அலசி, நிறையப் பிடித்து மூடுங்க. பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், போடப் போகிற பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்க. பாசனத் தண்ணியானால் வேளாண்மைத் துறையின் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்க. குடிநீரானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுங்க. கோடையில் ஒரு தரமும் மழை முடிந்து ஒரு தரமும் பார்ப்பது நல்லது.

என் தாயார் அடுத்த தரம் ஊருக்கு வந்தபோது ரெண்டு பாட்டிலிலும் சோப்பைக் குலுக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்று சொல்லி, அடுப்படிக்குப் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாங்க. உங்க வீட்டிலும் பருப்பு வேகவில்லையா? யாரையும் திட்டுவதற்கு முன்னாலே தண்ணியைக் குலுக்கிப் பாருங்க.